கான்ஹேரிக் குன்றுக்கு மழைக்காலத்தில் தனியாகப் போகிறவர்களுக்கு

மும்பையின் வடபகுதியில், போரிவலி ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி நெடுஞ்சாலையை நோக்கி நடந்தால், சிறிது நேரத்திலேயே ஒரு காட்டின் வாயிலுக்கு வந்து சேர்ந்துவிடலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா எனப்படும் அந்தக் காடு 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்புடையது. சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கி நிற்க, அதற்குள் சிறுத்தைகள் வாழ்கின்றன. நகரத்துக்குத் தண்ணீர் தருகிற விஹார் ஏரியும் துளசி ஏரியும் இருக்கின்றன. காட்டின் நடுவே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான ஒரு கரும்பாறைக் குன்றில், கிறித்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் குடைந்து வாழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. அதுதான் கான்ஹேரி. வேலை மாற்றலில் மும்பைக்கு வந்து சேர்ந்த முதல் ஆண்டில், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நான் தனியாக அங்கே போனேன். கணுக்கால் எலும்பில் விரிசலோடும், மேலே ஆளில்லாத ஒரு குகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்த பயத்தோடும் திரும்பினேன். போவதற்கு முன்பு குகைகளின் வரலாற்றைப் பற்றி நிறையவே படித்திருந்தேன். ஆனால் மழையில் அந்தப் பாறை எப்படி நடந்துகொள்ளும், அந்தக் குன்றில் நேரம் எப்படிக் கரையும், மேலே அடிபட்டால் என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நேர்ந்த மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். பூங்காவின் வாயிலை அடைந்ததும் குகைகளை அடைந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வாயிலிலிருந்து குகைகள் இருக்கும் இடம் 6 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அதுவும் ஏற்றமான பாதை. அந்த இடைவெளியைக் கடக்கப் பூங்காவுக்குள்ளேயே ஓடும் வண்டிகள் உண்டு, வாடகைக்குச் சைக்கிள் எடுப்பவர்களும் உண்டு, நடந்தே போகிறவர்களும் உண்டு. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் பாதி மும்பையும் பச்சையைப் பார்க்க அங்கே வந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு வாயிலில் நின்ற நான், நுழைவுச்சீட்டு வரிசையையும் வண்டிக்கான வரிசையையும் கடந்து குகைகளின் அடிவாரத்தில் இறங்கியபோது நண்பகல் ஆகியிருந்தது. அங்கே தொல்லியல் துறைக்கு என்று தனியாக இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். இந்தியர்களுக்கு அப்போது 25 ரூபாய். பூங்காவின் சீட்டு குகைகளுக்குச் செல்லாது என்பது பலருக்குத் தெரியாததால் அந்தச் சாளரத்திலும் வாக்குவாதமும் தாமதமும் இருந்தன. கைப்பேசியில் பணம் செலுத்தலாம் என்ற நம்பிக்கையில் கையில் காசில்லாமல் போகாதீர்கள். காட்டுக்குள் சிக்னல் வரும் போகும். சில்லறையாக ஐந்நூறு ரூபாயாவது வைத்திருங்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு நாளில், வாயில் திறக்கிற காலை வேளையிலேயே போக முடிந்தால், நான் வரிசையில் இழந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு மிச்சம். அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு மாலையில்தான் தெரியும்.

கீழே இருக்கும் குகைகளில் மூன்றாம் எண் குகை எல்லாரையும் நிறுத்திவிடும். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குடையப்பட்ட சைத்தியம், அதாவது பௌத்தர்களின் வழிபாட்டுக் கூடம் அது. ஏறக்குறைய 26 மீட்டர் நீளமுள்ள கூடம், இருபுறமும் வரிசையாக 34 தூண்கள், கோடியில் ஒரு தூபி. முகமண்டபத்தின் இரு பக்கச் சுவர்களிலும் பிற்காலத்தில் செதுக்கப்பட்ட புத்தர், ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். வெளியே நூறு பேர் கூச்சலிட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தாலும், தூணுக்குப் பின்னால் உள்ள குறுகிய நடையில் போய் நின்றால் அந்தக் கூச்சல் வேறொரு ஒலியாக மாறி விதானத்தில் சுற்றுகிறது. நான் அங்கே நெடுநேரம் நின்றேன். பிறகு பதினோராம் குகைக்குப் போனேன். தர்பார் கூடம் என்று சொல்கிறார்கள். கூடத்தின் நீளத்துக்கும் இரண்டு தாழ்வான கல் திண்ணைகள் ஓடுகின்றன, துறவிகள் எதிரெதிராக வரிசையில் உட்காருவதற்கு. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அங்கே இருக்கிறது. இவற்றைப் பார்த்து முடித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பெரும்பாலான மக்கள் இந்த இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறுகிறவர்கள் சிலர். இன்னும் மேலே, வலது புறத்துச் சரிவுக்கு அப்பால் போகிறவர்கள் மிகச் சிலர்.

இங்கே ஒரு யோசனை சொல்ல வேண்டும். வழக்கமாக எல்லாரும் செய்வதுபோலக் கீழேயிருந்து மேலே என்ற வரிசையில் குகைகளைப் பார்த்தால், கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, துணைக்கு ஆள் குறைந்து, வெளிச்சம் மங்கத் தொடங்குகிற நேரத்தில் நாம் குன்றின் மிக ஆபத்தான பகுதியில் இருப்போம். அதற்குப் பதிலாக, போனவுடன் நேரே மேலே ஏறி, அங்கிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி, மூன்றாம் குகையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூடும் நேரம்வரை அங்கே நின்றாலும் வெளியே வருவதற்குச் சில நிமிடங்களே ஆகும். குகைகள் மாலை 5 மணிக்கு மூடப்படும். மேலே இருப்பவர்கள் மூன்றரை மணிக்கு, எதைப் பார்க்காமல் விட்டிருந்தாலும், முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழை பெய்தால் அதற்கும் முன்பே.

மேலே செல்லும் வழி முழுவதும் பாறையிலேயே வெட்டிய படிகள். அவற்றில் ஏறும்போது குரங்குகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. படியோரம் வெள்ளரிக்காயும் கொய்யாவும் சுட்ட மக்காச்சோளமும் விற்கிற ஆதிவாசிப் பெண்களிடமிருந்து எதையாவது வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அது உங்கள் கையில் நிலைக்காது. என் கண்முன்னே ஒரு சிறுமியிடமிருந்து மக்காச்சோளத்தை ஒரு குரங்கு பறித்தபோது அவள் படியில் தடுமாறிவிட்டாள். பறிபோவது பண்டம் மட்டும் அல்ல, நிலைதடுமாறி விழுவதுதான் உண்மையான ஆபத்து. வாங்கினால் அங்கேயே நின்று தின்று முடித்துவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியையும் பைக்குள் வையுங்கள். வெளியே தெரியும் புட்டியையும் அவை விடுவதில்லை. குன்றின் மேல் எங்கே பார்த்தாலும் தண்ணீர் நிறைந்த கல்தொட்டிகள் இருந்தாலும் அவற்றில் எதுவும் இன்று குடிப்பதற்கு உரியதல்ல. ஒருவருக்கு இரண்டு லிட்டராவது சுமந்து செல்ல வேண்டும்.

அந்தத் தொட்டிகளைப் பற்றிப் பேசாமல் கான்ஹேரியைப் பற்றிப் பேச முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு, குகைவாயிலின் மேல் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி நினைவிருக்கும். கான்ஹேரியில் அதே அக்கறை ஒரு மலை முழுவதற்குமாக விரிந்திருக்கிறது. பாறையின் மேற்பரப்பில் விரலளவு ஆழமுள்ள சிறு வாய்க்கால்கள் வெட்டி, மழைநீரைத் திருப்பித் திருப்பி அழைத்து வந்து, ஏறக்குறைய ஒவ்வொரு குகையின் பக்கத்திலும் உள்ள ஒரு தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். மழைக்கால மாதங்களில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது பௌத்தத் துறவிகளின் விதி. கல்யாண், சோபாரா போன்ற அக்காலத் துறைமுக நகரங்களின் வணிகர்களும் சாதாரணக் குடிமக்களும் அவர்களுக்காகக் குகையையும் தொட்டியையும் கொடையாகக் கொடுத்து, அதைக் கல்லில் எழுதியும் வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகளில் சில இன்றும் தொட்டிக்கு மேலேயே இருக்கின்றன.

முப்பத்து நான்காம் குகையின் விதானத்தில், வண்ணம் தீட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட புத்தரின் ஓவியத்தைப் பார்த்தேன். நாற்பத்து ஒன்றில், கருணையின் வடிவாகப் பௌத்தர்கள் வணங்கும் அவலோகிதேசுவரரின், பதினொரு தலைகளை உடைய சிற்பத்தைப் பார்த்தேன். இந்தியாவில் மிக அரிதான வடிவம் அது. தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் அழகை நெருங்கிப் பார்க்கக் கைப்பேசியின் விளக்கைப் போட்டேன். (கையில் ஒரு சிறு டார்ச் வைத்திருந்தால் கைப்பேசியின் மின்கலத்தை இப்படிச் செலவழிக்க நேராது. பிறகு அந்த மின்கலம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அனுபவித்தவள் என்பதால் சொல்கிறேன்.) தொண்ணூறாம் குகையில், கி.பி. 1009, 1021 ஆகிய ஆண்டுகளில் அங்கே வந்த பார்சிகள் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் மேலும் நடந்தேன். அப்போது மணி மூன்று இருக்கலாம். வானம் இருண்டு, ஒரே வீச்சில் மழை இறங்கியது.

மும்பையின் ஜூலை மழை நம் ஊர் மழையைப் போன்றதல்ல. தூறலாகத் தொடங்கி வலுப்பெறும் என்று எதிர்பார்க்க முடியாது. சில நிமிடங்களில் நான் நின்ற சரிவு முழுவதும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இரு சரிவுகளுக்கும் இடையே உள்ள ஓடையில், நான் வரும்போது கணுக்கால் அளவுகூட இல்லாத நீர், மண்நிறத்தில் இரைந்துகொண்டு போயிற்று. குடை அந்தக் காற்றில் பயன்படவில்லை. அதை மடக்கியபோது ஒரு கை அதற்கே போய்விட்டது. பக்கத்தில் தெரிந்த குகையில் ஒதுங்கலாம் என்று படிகளில் இறங்கினேன். படியின் குறுக்கே, ஒரு சாண் அகலத்தில், கறுத்துப் பளபளத்த ஒரு பட்டை ஓடியது. அது அந்தப் பழைய வாய்க்கால்களில் ஒன்று. ஆண்டுதோறும் மழைநீர் ஓடுகிற தடம் என்பதால் அதில் பாசி படிந்து, கண்ணாடியில் எண்ணெய் தடவியதுபோல் ஆகியிருந்தது. வலது கால் அதில் பட்டதும் வழுக்கியது. பாதம் உட்புறமாக மடங்க, உடலின் எடை முழுவதும் அதன்மேல் விழுந்தது. உள்ளே ஏதோ ஒடிந்த உணர்வு. வலி வருவதற்கு முன்பே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

பாறையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்தப் படிகளைக் குனிந்து பார்த்தால் சில இடங்களில் உளி விழுந்த தடங்கள், அரிசி சிதறியதுபோல் சொரசொரப்பாக, இன்னும் அப்படியே இருக்கும். அங்கே காலை வைத்தால் மழையிலும் பிடிப்புக் கிடைக்கும். பச்சையோ கறுப்போ பளபளப்பாகத் தெரியும் இடமும், வழியின் குறுக்கே ஓடும் வெட்டுக் காடியும் காலுக்கு உரியவை அல்ல; அவற்றைத் தாண்டி வைக்க வேண்டும். ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள, கணுக்காலைச் சற்று மூடிப் பிடிக்கும் காலணி இல்லாமல் மழைக்காலத்தில் மேல் குகைகளுக்குப் போவது சரியல்ல. வழவழத்த அடிப்பாகமுள்ள செருப்புகளோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களை அங்கே பார்த்தேன். அவர்களை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. குடைக்குப் பதிலாக மழைச்சட்டை அணியுங்கள். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.

குகை வாசலுக்கு எப்படி ஊர்ந்து போனேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உள்ளே ஒரு சிறு அறை. சுவரோரம் துறவி படுப்பதற்கு விட்ட கல் திண்ணை. அதில் காலை நீட்டி உட்கார்ந்தேன். முதலில் அழுதேன். வலியால் என்பதைவிட, இந்த நிமிடம் நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணத்தால் அழுதேன். அம்மாவிடம் அன்று காலையில்கூட, வீட்டில் ஓய்வெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். தனியாகக் காட்டுக்குப் போகிறேன் என்றால் வருந்துவார்கள் என்பதற்காக. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மழையில் நனைந்து திரையின் ஒரு பகுதி தொடுவதற்கு மறுத்தது. கத்திப் பார்த்தேன். ஓடையின் இரைச்சலில் என் குரல் வாசலைத் தாண்டியிருக்குமா என்பதே ஐயம்தான். ஒரு சாதாரண விசில் கழுத்தில் தொங்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். மனிதக் குரல் நீரொலியில் அமிழ்ந்துவிடும் இடத்திலும் விசிலின் கீச்சொலி தனித்துக் கேட்கும். சில பத்து ரூபாய்ப் பொருள் அது. தனியாக எந்தக் குன்றுக்குப் போனாலும் இப்போது என் பையில் அது இருக்கிறது.

சிக்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்திலும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்புப் போகக்கூடும். எனவே கோடுகள் தெரியவில்லை என்று அதைவிட்டு விடாமல் முயல வேண்டும். இதை எனக்குப் பிறகுதான் ஒருவர் சொன்னார். அதைவிட முக்கியமானது, புறப்படும் முன்பே ஒரே ஒருவரிடமாவது எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பிவிட்டதாகத் தகவல் தருவோம், தராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட்டுப் போவது. வீட்டாரிடம் சொல்ல மனம் வராவிட்டால் அலுவலகத் தோழியிடம் சொல்லலாம். கைப்பேசியை வாய் மூடும் பிளாஸ்டிக் உறையில் வைப்பதும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

காலணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. நல்ல வேளையாகக் கழற்றவில்லை. நடந்தே வெளியேற வேண்டிய நிலையில் காலணிதான் கட்டுப்போல் கணுக்காலைத் தாங்கும். கழற்றிவிட்டால் வீக்கத்தில் மறுபடி நுழையாது. கயிற்றை மட்டும் சற்றுத் தளர்த்தி, துப்பட்டாவைக் காலணியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். காலை உயர்த்திப் பையின்மேல் வைத்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையின் மேலிருந்து மழைநீர் அந்த விரலளவு வாய்க்கால் வழியே வந்து, ஒரு திருப்பத்தில் வேகம் குறைந்து, தொட்டியின் வாய்க்குள் சற்றும் சிதறாமல் விழுந்துகொண்டிருந்தது. என்னை வீழ்த்திய அதே வாய்க்காலின் தொடர்ச்சிதான் அது என்று நினைக்கிறேன். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காசு கொடுத்து, யாரோ ஒருவர் சரிவு பார்த்து வெட்டியது, அன்றும் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்துகொண்டிருந்தது. மழையில் அதை இவ்வளவு அருகில் பார்த்ததற்காக இன்றும் மகிழ்கிறேன். அந்த மாலையின் மற்ற எதையும் அப்படிச் சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு மேல் சிறுத்தையின் நினைவு வந்துவிட்டது. அங்குள்ள சிறுத்தைகள் பெரும்பாலும் மனிதர்களைத் தவிர்க்கின்றன என்பதும், அந்தி தொடங்கி இரவில்தான் அவை நடமாடுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நடக்க முடியாத ஒருவர் அந்தியை எதிர்நோக்கிக் குகையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அறிவு பெரிய ஆறுதலாக இல்லை. காட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்கு வனத்துறை சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, இருட்டிய பின் தனியாகக் குனிந்தோ குந்தியோ இருக்கக் கூடாது என்பது. நின்ற மனிதரைவிட உட்கார்ந்த உருவம் சிறிதாகத் தெரியும். எனவே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வாசலில் நிற்கப் பழகிப் பார்த்தேன். அந்த நிலையில்தான் மேல் குகைகளைக் காலி செய்துகொண்டு வந்த காவலர் என்னைப் பார்த்தார். மூடும் நேரத்துக்கு முன் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே சுற்றி வருவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். மேலே அடிபட்டு நகர முடியாமல் போனால், பாறையில் ஊர்ந்து இறங்க முயன்று இன்னொரு முறை விழுவதைவிட, வழியிலிருந்து பார்த்தால் தெரிகிற குகை வாசலில் பளிச்சென்ற நிறமுள்ள துணி ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பதே மேல்.

அவர் இன்னொரு பணியாளரையும் அழைத்து வந்தார். தோளில் சாய்த்து நடத்திச் செல்லப் பார்த்தார்கள். படிகள் ஒருவர் நடக்கவே குறுகலானவை. “உட்கார்ந்தே இறங்குங்கள் மேடம், வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களும் மழையில் அப்படித்தான் இறங்குவோம்” என்று அவர் இந்தியில் சொன்னார். அப்படியே செய்தேன். இரு கைகளையும் பின்னால் ஊன்றி, நல்ல காலை முன்னே வைத்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினேன். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். சறுக்கும் இடத்தில் வெட்கத்தை விட்டு உட்கார்ந்து இறங்குவது, அடிபடாதவர்களுக்கும் உரிய வழி என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். அடிவாரத்தில் கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடி வந்து தன் கூடையைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். பார்வையாளர்களுக்கான வண்டிகள் போய்விட்டிருந்தன. பணியாளர்களை ஏற்றிச் செல்ல வந்த வண்டியில் என்னையும் ஏற்றி வாயிலில் விட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த 6 கிலோமீட்டரை என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனமில்லை.

வாயிலிலிருந்து ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வெறும் சுளுக்காக இருக்கலாம் என்று ஓர் இரவு பொறுத்துப் பார்க்க நினைத்தேன். ஆட்டோ ஓட்டுநர்தான் விடவில்லை. மருத்துவர் ஓர் எளிய அளவுகோல் சொன்னார்: உதவியின்றி நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் எலும்பு முனையை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வெளிப்புறக் கணுக்கால் எலும்பில் விரிசல் இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக மாவுக்கட்டு. எக்ஸ்ரே, கட்டு, மருந்து, ஊன்றுகோல் எல்லாமாக 9,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. கைப்பேசியின் திரையை மாற்ற 4,500. ஆனால் பெரிய செலவு இவை அல்ல. ஊன்றுகோலோடு மும்பை லோக்கல் ரயிலில் ஏற முடியாததால், விடுப்புத் தீர்ந்த பிறகு அலுவலகத்துக்குத் தினமும் ஆட்டோவில் போய்வந்தேன். அந்த மாதத்துச் சம்பளத்தில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்தது. மருத்துவக் காப்பீடும் கைகொடுக்கவில்லை; மருத்துவமனையில் படுக்கை எடுத்துத் தங்காமல் புறநோயாளியாகப் பார்த்துக்கொண்டதால் என் காப்பீட்டில் அது சேராது என்று சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகள் உங்கள் காப்பீட்டில் அடங்குமா என்பதை ஆரோக்கியமாக இருக்கும்போதே படித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் மழைக்காலத்தில் அங்கே போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாய்க்கால்கள் வேலை செய்வதை வேறு எந்தப் பருவத்திலும் பார்க்க முடியாது. துணைக்கு ஒருவரோடு, கனமழை எச்சரிக்கை இல்லாத வார நாளில், காலையிலேயே போய் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஓடையில் இறங்கிக் குளிப்பதைக் காவலர்கள் தடுத்தால் அவர்களோடு வாதாடாதீர்கள், மேலே பெய்யும் மழை கீழே உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. தனியாகத்தான் போக முடியும் என்கிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பாறை உலர்ந்திருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். மழை விலகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நிழல்படிந்த படிகளில் பாசி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காட்டில் கார்வி என்ற செடி நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிவெல்லாம் ஊதாவாகப் பூக்கும். 2016-லும் 2024-லும் பூத்தது. அடுத்த பூப்புக்குக் கூட்டம் அலைமோதும்போது, படிகளைவிட்டு விலகிச் சரிவுகளில் இறங்கிப் படமெடுக்கும் ஆசை பலருக்கு வரும்; அந்தச் சரிவுகள் புதருக்கு அடியில் அதே வழுக்குப் பாறைதான்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் மேலே போக முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. மூன்றாம் குகைக்குச் சில படிகளே ஏற வேண்டும். அங்கிருந்து பதினோராம் குகைவரை கைத்தாங்கலாகப் போய்விடலாம். அங்குள்ள கல் திண்ணையில் அவர்களை அமர்த்திவிட்டு, இளையவர்கள் குறைந்தது இருவராக மேலே போய் வரட்டும். போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைக் கீழே இருப்பவர்களிடமும், பக்கத்தில் நிற்கும் காவலரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தக் காவலரிடம் கேட்டால் அன்று மேலே எந்தப் பக்கம் வழுக்கல், எந்த ஓடையில் தண்ணீர் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுவார்.